அடுப்படிச் சிவப்பு

ஓவியம் வரைகிறவர்களுக்கு நீர்வண்ணம் செய்து விற்கிறேன். பதுளையில் வாடகை வீட்டின் பின்னறைதான் பட்டறை. மண்ணை நீரில் கரைத்து, கல்லும் வேரும் அடியில் தங்க, கலங்கிய நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்து வைத்தால் மாவு மாதிரிப் படியும். அதைக் காயவைத்து, விளாம்பிசின் கரைசலும் கொஞ்சம் தேனும் சேர்த்து, கண்ணாடிப் பலகையில் கண்ணாடிக் குழவியால் அரைக்க வேண்டும். நறநறப்பு அடங்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பிறகு மருந்துப் போத்தல் மூடிகளில் ஊற்றி வைப்பேன். பதுளை மழையில் அது காய்வதற்குள் என் பொறுமை போய்விடும்.

இதெல்லாம் தொடங்கியது அம்மாவுக்காக. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரிந்ததும் எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள். திரும்பிப் போகத் தடை. அம்மா காஸ் அடுப்பின் முன் நின்றுகொண்டு பழைய அடுப்படியையே பேசுவாள். அடுப்பை ஒட்டி மண் மெழுகிய சிவப்புச் சுவர். மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து அதில்தான் முதுகைச் சாய்த்துக் குளிர்காய்வாள். நானும் அவள் மடியில் கிடப்பேன். அந்தக் கதகதப்பு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. வரைந்து தருகிறேன் என்றேன்.

ஒவ்வொரு படத்துக்கும் அம்மா ஒரே பதில்தான் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம செவரு இல்ல."

கடைச் சிவப்பு, பண்டாரவளை ரோட்டோரத்து மண் எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில், லயத்திலிருந்து செவ்வந்திச் செடியோடு தொட்டியில் வந்த மண் ஞாபகத்துக்கு வந்தது. அந்த இடத்து மண் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான். செடியை மாற்றி நட்டுவிட்டு, அதை வடித்துத் தட்டில் காயவைத்தேன். மஞ்சளாகத்தான் தெரிந்தது. அரைத்தால் நிறம் வரும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் தைப்பொங்கல். காலையில் பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. முற்றத்தில் செங்கல் அடுக்கி, மண் மெழுகிய அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"தட்டுல இருந்த மண்ணு எங்கம்மா?"

"பொங்கலுக்குன்னு தானே அரிச்சு வச்ச? நல்லா மாவாட்டம் அரிச்சிருந்த புள்ள."

எங்கள் ஆட்கள் வீட்டில் பொங்கலுக்கு முதல் நாள் அரித்த மண் இருந்தால் அது அடுப்பு மெழுகத்தான். அவளை என்ன சொல்வது? அழுகை வந்தது. அன்று பொங்கலை வாயில் வைக்கவில்லை.

அடுப்பு ஆறியதும், ஆத்திரம் தீராமல் கரண்டியோடு உட்கார்ந்து சுரண்டினேன். தீ பட்ட உள்பக்கம் உதிர்ந்து வந்தது. மஞ்சளைக் காணோம், நல்ல ஆழமான சிவப்பு. எங்கள் அடுப்படிச் சுவரும் வருஷக்கணக்காகத் தீயில் வெந்த மண்தானே. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

கரியைப் பொறுக்கிவிட்டு அரைத்தேன். ஒரு மூடிகூட நிறையவில்லை. படத்தில் சுவருக்கு மட்டும் பூசினேன்.

அம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போகக்கூடாதுன்னு சொன்னாங்கள்ல," என்றாள். "நீ எப்ப போன?"