காய்ந்த கல்லை வெட்டாதவர்

என் அக்கா வீட்டுக்காரர் சமையலறை மேடைகளுக்குக் கல் வெட்டுகிறவர். தொழிலில் அவருக்குப் பெயர் 'அரைநூல்'. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பட்டறையில் அவர் வெட்டுவார், அக்கா விளிம்புக்கு மெருகு போடுவாள், நான் வண்டி ஓட்டுவேன். கல் சுமப்பதும் நான்தான். இதை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாமாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கல்லைக் காய்ந்தபடியேதான் வெட்டுவார். தண்ணீர் விட்டால் பென்சில் கோடு அழிந்துவிடுமாம். பட்டறை முழுக்கத் தூசி பறக்கும். மூக்கை மறைத்து ஈரத் துண்டு கட்டினால் போதும் என்பது அவர் கட்சி. சாயங்காலம் காற்றடிக்கும் குழாயால் ஒருவர் உடுப்பை ஒருவர் ஊதிவிட்டு, சுத்தமாகிவிட்டோம் என்று வீட்டுக்குக் கிளம்புவோம். அடங்கிய தூசியை நாங்களே கிளப்பி மூக்கில் ஏற்றிக்கொள்கிறோம் என்பது எங்கள் மூவரில் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

மாடிப்படி ஏறினால் மாமாவுக்கு மூச்சு இளைத்தது. காலையில் அவருடைய இருமல்தான் வீட்டை எழுப்பும். "சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷமாச்சு, எனக்கு என்ன வந்துடப்போகுது?" என்று மார்தட்டுவார். அக்கா மசியவில்லை. டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாய்க்குள் வேகமாக ஊதச் சொன்னார்கள். மாமா முகம் சிவக்க ஊதினார். இருக்கவேண்டியதில் பாதிதான் வந்தது.

"சிகரெட்டை விட்டது நல்லது. ஆனா கல் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். நீங்க கட்டுற துண்டுல அது நிக்காது, அவ்வளவு பொடி," என்றார் டாக்டரம்மா. "போன மூச்சு திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்."

"வயசாச்சும்மா, இருக்கிற வரைக்கும் ஓடட்டும்" என்று மாமா எழுந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அந்த நேரம் பார்த்து அக்கா இருமினாள்.

"நீங்களும் அதே பட்டறையா? உக்காருங்க. ஊதுங்க."

அக்கா சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. அவள் மூச்சும் குறைவாகத்தான் வந்தது. "இது ஆரம்பம்தான். நெஞ்சுப் படமும் எடுத்துடுவோம். தூசியை இன்னைக்கே நிறுத்தினா, இதோட நிக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

மாமா முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாளே தண்ணீர் விட்டு வெட்டுகிற இயந்திரத்தோடு வந்தார். முதல் வெட்டிலேயே கோடு கரைந்தது. கல் இரண்டு நூல் கோணிக்கொண்டது. சிரித்துத் தொலைத்தேன். அவர் முறைத்துவிட்டு வெளியே போய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் படத்துக்குத் தீட்டுகிற மெழுகு வண்ணக்குச்சி வாங்கிவந்தார். அந்தக் கோடு தண்ணீருக்கு அசையவில்லை. உடுப்பை ஊதுவது நின்றது. முகத்தோடு இறுகப் பொருந்தும் நல்ல முகமூடி மூவருக்கும் வந்தது. டாக்டரம்மா கொடுத்த, மூச்சோடு உள்ளே இழுக்கும் மருந்தை மாமா வேளை தவறாமல் எடுக்கிறார். பட்டறைதான் சேறாகிவிட்டது. காய்ந்தால் அதுவும் தூசியாகிவிடும், ஈரமாக இருக்கும்போதே கழுவித் தள்ள வேண்டும். கழுவுவது யார் என்று கேட்காதீர்கள். அடுத்த முறை டாக்டரம்மாவிடம் ஊதியபோது அக்காவின் மூச்சு மேற்கொண்டு குறையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன வாரம் ஒரு வீட்டில் மேடைக்கல் ஒரு நூல் நீளமாக நின்றது. சுவர் கோணல். வீட்டின் சொந்தக்காரர் தன் புதுத் தரையைக் காட்டினார்.

"தண்ணியெல்லாம் ஊத்தாதீங்க. காய்ஞ்சபடியே வெட்டுங்க. ஒரே ஒரு வெட்டுதானே?"

"பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் வெட்டிட்டு வந்துடறேன் சார்."

"அவ்வளவு நேரம் நிக்க முடியாது. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மாமா பக்கத்தில் நின்ற அக்காவை ஒருமுறை பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"தாராளமா பாத்துக்கங்க சார். எனக்கு மிச்சம் இருக்கிறது பாதி மூச்சு. இவளுக்கு இன்னும் முக்காலுக்கு மேல இருக்கு. அதுலேருந்து ஒரு இழுப்புகூட உங்க கல்லுக்குக் குடுக்க மாட்டேன்."