அண்ணாச்சி வீட்டு நாலாவது பெட்டி

கேபிள்காரன் பொழப்புல ஒரு விசேஷம்: படம் ஒழுங்காத் தெரியிற வரைக்கும் நம்ம பேரு யாருக்கும் ஞாபகம் வராது. கோவில்பட்டியில நானும் அப்படித்தான் ரொம்ப வருசம் ஓட்டிட்டேன். இப்ப ஊரே நெட்டுல ஓடுற பெட்டிக்கு மாறிட்டுது. எந்தப் பெட்டி நல்லதுன்னு கேக்குததும் என்கிட்டதான், மாட்டிவிடச் சொல்லுததும் என்னையத்தான். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு, அதுக்குக் கூலியும் வாங்குதேன். கேபிள் இணைப்பு கரையக் கரைய, நான் நடத்துற லோக்கல் சேனலுக்கும் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. பங்குனித் தேரோட்டத்தைக் காட்டிட்டு சேனலை மூடிரலாம்னு நானும் வீட்டுக்காரியும் பேசி வச்சிருந்தோம். இந்தத் தொழில்ல நொந்தவங்களுக்கு என் வயித்தெரிச்சல் புரியும்.

மூணு பெட்டிக்கும் பரீட்சை

தீப்பெட்டி ஆபீஸ், அதான் பாக்டரி, வச்சிருக்க அண்ணாச்சிக்கு வெளியூர்ல மூணு மகன்க. மூணு பேரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கி அனுப்பிட்டாங்க. எதைக் கழிச்சாலும் ஒருத்தன் மனசு நோகும்னு, மூணையும் ஒரே டிவியில மாட்டச் சொல்லிட்டாக அண்ணாச்சி. அவிய கையில இன்னைக்கும் பட்டன் போன்தான்.

முதல் பெட்டி சட்டுனு திறந்துச்சு, ஆனா ரிமோட்டு சுண்டுவிரல் தண்டிதான் இருந்துச்சு. ரெண்டாவதுல படம் பளிச்சுனு தெரிஞ்சுது, தொட்டா சுட்டுது. மூணாவதுல தமிழ்ப்படம் கொட்டிக் கெடக்கு, எதை அமுக்குனாலும் முதல்ல விளம்பரம். ரெண்டு செலவு எதுக்குன்னு பெரிய நியாயஸ்தன் கணக்கா என் கேபிள் பெட்டியையும் நானே கழட்டிக் கொடுத்தேன். வாய் வலிக்க எல்லாம் விளக்கி முடிச்சதும் அண்ணாச்சி கேட்டாக:

"அதெல்லாம் கெடக்கட்டும்ப்பா. கரண்டு போய்ட்டு வந்தா எது சண்டித்தனம் பண்ணாம எந்திரிக்கும்?"

குளத்தூர் அக்கா வச்ச பொட்டு

ஆயுதபூசைக்கு மறுநாள் குளத்தூர்ல இருந்து ஒரு அக்கா போன் பண்ணுனாக. புதுப்பெட்டி உசுர விட்டுட்டுதாம். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மண்ணு பைக் சக்கரத்துல அப்பி, உருள விடாமப் பண்ணிட்டு. குச்சியை வச்சு நோண்டி நோண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

பெட்டியில லைட்டு எரியுது, டிவி தெரியுது, ரிமோட்டுக்கு மட்டும் அசைய மாட்டேங்குது. ரிமோட்டைத் திருப்பிப் பாத்தா, நுனியில கண்ணாடி மாதிரி இருக்க இடத்துல கெட்டியா சந்தனம், அதுமேல குங்குமம். பெட்டி முகத்துலயும் அதே அலங்காரம். ஈரத்துணியால தொடச்சதும் ஓட ஆரம்பிச்சுட்டு. "அக்கா, இதுதான் அதுக்குக் கண்ணு. இங்கனயா பொட்டு வைக்கது?"ன்னேன். அக்காவுக்கு வந்துதே கோவம்!

"பொட்டை முகத்துல வைக்காம, பொறவு முதுகுலயா வைப்பாக?"

கேள்வி கேக்குற பெட்டி

புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற மாமா ஒருத்தர், மருமகன் வாங்கிக் கொடுத்த பெட்டியைக் கழட்டச் சொல்லிட்டார். பழுதுன்னு ஒண்ணுமில்ல. சாயந்திரம் ஆட்டை அடைச்சுட்டு வந்து உக்காந்தா, படங்களை வரிசையா அடுக்கி வச்சுட்டு, எது வேணும்னு அது இவரைக் கேக்குதாம். பாத்துப் பாத்துத் தள்ளுததுலயே கண்ணு சொருகிருதாம்.

எனக்குப் பழைய நெனப்பு வந்துட்டு. அப்பல்லாம் நான் ஒரு படம் போட்டா, தெரு முழுக்க அதே படம்தான். ஒரு வீட்டைத் தாண்டும்போது விட்ட வசனத்தை அடுத்த வீட்டு வாசல்ல பிடிச்சுக்கலாம். அந்தச் சத்தத்துக்கு எனக்கு இன்னைக்கும் ஏக்கம்தான். மாமா ரிமோட்டை என் கையில திணிச்சுட்டுச் சொன்னார்:

"விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, என்ன சமைக்கன்னு நம்மகிட்டயே கேட்டா எப்படிய்யா?"

சேனல்ல போட்டாச்சுல்லா

எங்க சேனல்ல கீழ ஓடுற எழுத்துலதான் ஊர்ச் சமாச்சாரம் அத்தனையும். எந்தத் தெருவுக்கு எப்பத் தண்ணி, யாருக்குக் கல்யாணம், யாரு காலமானது. எழவு சொல்ல இப்ப வீடு வீடா ஆள் போறதில்ல. சேனல்ல போட்டா நேர்ல வந்து சொன்ன மாதிரி.

மாசி மாசம், அண்ணாச்சிகூட ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்ல இருந்து பாடுபட்ட போர்மேன் காலமாயிட்டார். ரெண்டு பேருக்கும் அடுத்தடுத்த தெரு. ரெண்டு பேரும் முட்டுவலியில வீட்டோட கெடந்தவங்க. போர்மேன் மகன் சேதி கொடுத்தான், நானும் காலையில இருந்து ஓட்டுனேன். அண்ணாச்சி பாத்திருப்பாகன்னு அத்தனை பேரும் இருந்துட்டாங்க. அண்ணாச்சி வீட்டுல கேபிளே இல்லங்கறது எனக்கும் அந்நேரம் தோணல.

அடக்கம் முடிஞ்ச மறுநாள் கம்பை ஊனிக்கிட்டு என் கடைப்படி ஏறினாக அண்ணாச்சி. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு. "கடைசியா முகத்தைக்கூடப் பாக்கலையேப்பா. மூணு பெட்டியும் ஒலகத்தையே காட்டுது, அடுத்த தெருவுல எங்கூட்டாளி போனதைக் காட்டலியே"ன்னாக. "சேனலை மூடப் போறியாமே?"ன்னு கேட்டாக. "தேரு முடிஞ்சதும் மூடிரலாம்னு இருக்கோம்"னேன்.

"மூடிராதப்பா. நாளைக்கு நான் செத்தா எதுல போடுவாக?"

அன்னைக்கே அவிய டிவியில நாலாவதா என் பழைய பெட்டி ஏறிட்டுது, தேரு நிலைக்கு வந்த பொறவும் சேனல் ஓடிக்கிட்டுதான் இருக்கு, எந்தப் பெட்டி நல்லதுன்னு யாரும் கேட்டா "அடுத்த தெருவுல உங்களுக்கு யாரு இருக்கா?"ன்னுதான் முதல்ல விசாரிக்கேன்.