கொளஞ்சி நடந்த வழி

கொளஞ்சிக்கு நடப்பதற்குத்தான் சம்பளம். செம்மங்குப்பத்தில் இதை ஒருவரும் நம்பவில்லை. ஆலை வேலைக்காக ஊரே தினம் நடக்கிறது, அதற்கெல்லாம் காசு தராத உலகம் இவளுக்கு மட்டும் ஏன் தருகிறது என்பது அவர்கள் கேள்வி.

"நடக்கறதுக்கா குடுக்கறாங்க? அப்ப நான் மூணு வேளையும் நடக்கறேன்டி, என்னையும் சேத்து வுடு" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மாள்.

"நீ பேசிகினே நடப்பக்கா. நாய் காத பொத்திக்கும்."

வேலை கொடுத்தவர் ஆரோக்கியராஜ். ராணுவத்தில் நாய்களோடு இருபது வருடம் கழித்துவிட்டு வந்து, முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு பயிற்சிக் கூடம் வைத்திருந்தார். வருகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று குரைக்கிற நாயைக் கேட்டார்கள். குரைப்பதற்கு எதற்குப் பயிற்சி என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் ஆசை, மோப்பம் பிடித்து ஆளைத் தேடும் நாய். அதற்காக அவர் வளர்த்தது ராணி என்கிற கறுப்பு லாப்ரடார்.

மோப்ப நாய்க்குத் தடம் வேண்டும், தடத்துக்கு ஆள் வேண்டும். காலையில் கொளஞ்சி ஓரிடத்தில் நின்று மண்ணை நன்றாக மிதிப்பாள். நாய் முகர்ந்து பார்க்கத் தான் உடுத்திய துணி ஒன்றை அங்கே போடுவாள். பிறகு தோப்புக்குள் இஷ்டம்போல் நடந்து, எங்காவது மறைந்து உட்கார்ந்துகொள்வாள். திரும்புகிற இடங்களில் மட்டும் இடுப்பு உயரத்தில் ஒரு மஞ்சள் துணிக் கிழிசலைக் கட்டிவிட்டுப் போவாள். நாய் சரியாகப் போகிறதா என்று கயிறு பிடிப்பவனுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கு. ஒரு மணி நேரம் தடம் ஆறிய பிறகு, கூடத்தில் வேலை பார்க்கும் செம்பியன் ராணியை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவான். கண்டுபிடித்தால் ராணிக்கு அவித்த முட்டை.

மறைந்து உட்கார்வது சும்மா இருப்பது என்று ஊர் நினைத்தது. கொளஞ்சியோ அந்த ஒரு மணி நேரமும் ஒரே யோசனையில் இருப்பாள்: தான் போன பிறகு அந்த மண்ணில் என்னதான் மிச்சம் இருக்கிறது? ஒருநாள் யாரும் இல்லையென்று பார்த்து, கையூன்றிக் குனிந்து, தன் காலடியைத் தானே முகர்ந்தாள். மிதிபட்ட புல்லின் வாசம் வந்தது. கொளஞ்சியின் வாசம் வரவில்லை. தன்னைத் தன்னாலேயே கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

2008 தையில் சிதம்பரத்திலிருந்து ராஜமாணிக்கம் வந்தார். அந்த ஊருக்கு வெளியே முதியோர் இல்லம் நடத்துபவர். அங்கே ஞாபகம் தப்பியவர்கள் அவ்வப்போது வெளியே நடந்துவிடுகிறார்கள். தேடிப் பிடிக்க ஒரு நாய் வேண்டும். பத்து நாளில் அவர் இடத்திலேயே ஒரு சோதனை. ஜெயித்தால் ராணி அவருக்கு.

அவர் போனதும் ஆரோக்கியராஜ் கொளஞ்சியிடம் மறைக்காமல் சொன்னார்: "இதுவும் ஆவலன்னா மோப்பத்த வுட்டுர்றேம்மா. குரைக்கிற நாயோட நிறுத்திக்கறேன். அதுக்கு நடக்கற ஆளு தேவப்படாது."

மறுநாளே வெள்ளாடுகள் தோப்புக்குள் புகுந்து மூன்று கிழிசல்களைத் தின்றுவிட்டன. முந்திரி மரத்தின் மேலிருந்து கொளஞ்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ராணி முதல் திருப்பம் வரை புயலாக வந்தது. கிழிசல் இல்லாத இரண்டாவது திருப்பத்தில் நின்றது. செம்பியன் கிழிசலைத் தேடினான். ராணி தரையைப் பார்க்கவில்லை. செம்பியன் மூஞ்சியைப் பார்த்தது.

ஆட்டு வாசனை குழப்பிவிட்டது என்றார் ஆரோக்கியராஜ். கொளஞ்சிக்கு வேறு சந்தேகம். அதைச் செம்பியனிடமே சொன்னாள்.

"தம்பி, கோச்சிக்காத. துணியப் பாத்ததும் உன் கை கயித்த லேசா அந்தப் பக்கம் இழுக்குது. ராணி உன் கையைத்தான் மோந்துகினு போவுது."

"நான் வழி காட்டறேனா? அப்ப கண்ண மூடிக்கினு போவச் சொல்றியாக்கா?"

"மூடிக்கினுதான் போயேன். நாய்க்குத்தான சோதன, உனக்கா?"

செம்பியன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதனால் கொளஞ்சி பொய் சொல்லத் தீர்மானித்தாள், வாயால் அல்ல. தான் கட்டினால் தன் வாசம் அங்கும் இருக்கும் என்று யோசித்து, ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் பழனிவேலுவையே துணி கிழித்து, வலது பக்கம் கட்டச் சொன்னாள். "நடக்கறதுக்கு ஒரு ஆளு, பொய் சொல்ல ஒரு ஆளா?" என்றபடி அவன் கட்டிவிட்டுப் போய்த் தூங்கினான். அவள் இடது பக்கம் நடந்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

ராணி இடது பக்கம் திரும்பியது. கயிறு வலது பக்கம் இழுத்தது. இரண்டு முறை ராணி வாதாடிப் பார்த்தது. மூன்றாவது முறை, சம்பளம் வாங்குகிற எவரையும்போல, மேலே இருப்பவன் சொன்ன வழியில் போனது. கடைசிக் கிழிசலடியில் யாரும் இல்லை. கொளஞ்சி எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்தாள்.

"அதுக்கு வழி தெரிஞ்சிது தம்பி. நீதான் வுடல."

"உன்ன யாரும்மா மாத்திக் கட்டச் சொன்னது?" என்று ஆரோக்கியராஜ் கத்தினார். பிறகு கயிற்றைக் கையில் வாங்கி லேசாக இழுத்துப் பார்த்தார். "நாளைக்கும் மாத்தியே கட்டு" என்றார்.

மிச்ச நாளெல்லாம் பழனிவேலு பொய்களைக் கட்டினான். செம்பியன் கயிற்றைத் தளர்த்தப் பழகினான். பழகுவதற்கு ராணியைவிட அதிக நாள் அவனுக்கே பிடித்தது.

சோதனையன்று இல்லத்தின் காவலாளி சாமிக்கண்ணு தடம் நடந்திருந்தார். வாய்க்காலைத் தாண்டிப் புளியமரத்தடியில் உட்காரும்படி ராஜமாணிக்கம் அவருக்குச் சொல்லியிருந்தார். வேறு யாருக்கும் தெரியாது. வாய்க்கால் வரை ராணி நேராகப் போனது. அங்கே மரத்துக்கு முதுகைக் காட்டி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

"தப்புங்க, அங்க ஆளு இல்ல" என்றார் ராஜமாணிக்கம். "மரத்துக்கிட்ட இருக்கறாரு. நான்தான உக்கார வச்சேன்."

செம்பியனின் கை இறுகியது. பின்னால் கொளஞ்சி வந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் வாயைத் திறந்தால் அதுவும் ஒரு கயிற்று இழுப்புதான். பேசாமல் நின்றாள். செம்பியன் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விட்டுக்கொடுத்தான்.

ராணி ரோட்டைக் கடந்து நேராக டீக்கடைக்குள் போய், போண்டா தின்றுகொண்டிருந்த சாமிக்கண்ணுவின் மடியில் காலை வைத்தது.

"எறும்பு சார், கட்டெறும்பு" என்று எழுந்தார் சாமிக்கண்ணு. "மரத்தடியில நிமிசம் உக்கார முடியல."

ராஜமாணிக்கம் நாயைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "நாய எடுத்துக்கறேன். இந்தாள வேணா நீங்க கூட்டிகினு போங்க."

"ஆனா வாரம் ஒரு தடமாவது குடுக்கணும் சார், இல்லன்னா மூக்கு மழுங்கிடும்" என்றார் ஆரோக்கியராஜ். "நடக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்."

எல்லோரும் கொளஞ்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து 2012 வரை, செவ்வாய்தோறும் கொளஞ்சி சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே ராணியைப் பிடிப்பது சாமிக்கண்ணு. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று அவர் எவ்வளவு கெஞ்சினாலும் அவள் சொல்லமாட்டாள். அந்த நான்கு வருடத்தில் வழிதவறிய ஐந்து பேரை ராணி தேடிப் பிடித்தது. ஆறாமவர் பஸ் ஏறிவிட்டதால், நிறுத்தம் வரை போய் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய் சாயங்காலங்களில் பழனிவேலு கேட்பான்: "இன்னைக்கு எங்கல்லாம் போன?"

"ராணிய கேளுங்க" என்பாள் கொளஞ்சி.