மாப்பிள்ளையைப் பற்றி ஏ டூ இசட்

எங்கள் பக்கத்தில் ‘ஏ டூ இசட்’ என்று சொல்லாத ஆள் கிடையாது. லாரி உதிரிபாகக் கடைக்காரரும் சொல்வார், ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். ஒன்று விடாமல் எல்லாம் என்று அர்த்தம். பக்கத்து வீட்டு நண்பனுக்கு ராசிபுரத்திலிருந்து வரன் வரும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நண்பன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வயது முப்பத்திரண்டு. பதினோரு வரன் தட்டிப்போய், இந்தப் பன்னிரண்டாவதுதான் ஃபோட்டோவைத் தாண்டி விசாரிக்கிற கட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிறு காலையில் பெண்ணின் தாய்மாமன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்த பையன் பொய் சொல்லமாட்டான் என்று, யாரைப் பற்றி விசாரிக்க வந்தாலும் தெருவில் என் வீட்டைத்தான் காட்டுவார்கள்.

“பையனப் பத்தி ஏ டூ இசட் சொல்லிப்போடுங்க தம்பி” என்றார்.

பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதுவதுபோல ஆரம்பித்தேன். கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டான், அப்புறம் அவனே புரோட்டா வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவுவான். தூங்கினால் ரிக் கம்ப்ரசர் ஓடுகிற சத்தம் வரும்.

மாமன் கையை உயர்த்தினார். “அதெல்லாம் இருக்கட்டுங்க. குடிப்பாருங்களா?”

“இல்லீங்க. ஆனா...”

அந்த ‘ஆனா’வில் டீ டம்ளர் பாதி வழியிலேயே நின்றது. ஒரு பொங்கலுக்கு ஒரே ஒரு பீர் குடித்து, மறுநாள் முழுக்க வாந்தியெடுத்து, அதோடு விட்டுவிட்டான். முழுவதும்தான் சொன்னேன். அவர் காதில் பீர் மட்டும் விழுந்தது.

“கேஸ் கீஸ்?”

“இல்லவே இல்லீங்க.”

“லவ்வு?”

“ரெண்டு தடவ முயற்சி பண்ணானுங்க. அந்தப் புள்ளைங்க ஒத்துக்கல.”

என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு, “வாரனுங்க தம்பி” என்று எழுந்துவிட்டார். டீ பாதி மீதமிருந்தது.

அவர் தெரு திரும்பியதும் நண்பன் சுவருக்கு மேலே தலையை நீட்டினான். நடந்ததைச் சொன்னேன்.

“கொறட்டையெல்லாம் எதுக்குடா சொன்ன?”

“ஏ டூ இசட் கேட்டாருடா.”

“ஏ டூ இசட்டுன்னா மூணே எழுத்துடா. குடி, கேஸ், லவ்வு. மூணுக்கும் இல்லீங்கன்னு சொல்லி டீயக் குடுத்து அனுப்போணும். காலேஜ்ல இதக்கூடவா சொல்லித் தரல?”

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் முகத்தில் பன்னிரண்டாவதும் போய்விட்ட வாட்டம் தெரிந்தது.

சாயங்காலம் ஒரு ஃபோன். “அண்ணா, ராசிபுரத்துலருந்து பேசறனுங்க. பொண்ணு நான்தானுங்க. மாமா ‘ஒரு பீரு, கொஞ்சம் கொறட்டை’ன்னு முடிச்சுட்டாருங்க. நீங்க இன்னும் என்னென்னமோ சொன்னீங்களாமா. அத எனக்குச் சொல்லுங்க.”

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் இடையிடையே கேட்டார்.

“தட்டு கழுவறது, ஆள் பாக்கறப்ப மட்டுமுங்களா?”

“ஊட்ல யாரும் இல்லாதப்பவும் கழுவுவானுங்க. செவுத்துக்கு மேல பாத்தா தெரியுமுங்க.”

“பேசாத ரெண்டு நாளும் சாப்புடுவாருங்களா?”

“சோத்து மேல கோவத்தக் காட்ட மாட்டானுங்க.”

சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “நான் லேப்ல வேல பாக்கறனுங்க. கல்யாணத்துக்கப்புறமும் போறதுல அவருக்கு எப்படிங்கண்ணா?” என்றார்.

பதினைந்து வருடமாகப் பக்கத்து வீடு. இதை ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. ‘போகச் சொல்லுவானுங்க’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

“தெரியாதுங்க. அத நீங்கதான் கேக்கோணும்” என்று அவன் நம்பரைக் கொடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. “தாராளமாப் போங்க. நான் மாசத்துல இருவது நாள் வண்டியிலதான் கெடப்பனுங்க, நீங்க மட்டும் ஊட்ல ஒக்காந்து என்ன பண்றது?” அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். நடுவில் என் பக்கம் திரும்பி முறைத்தான்.

“ரெண்டு நாளெல்லாம் இல்லீங்க. அவன் சும்மா சொல்றான். ஒண்ணர நாளுதானுங்க.”