கூட்டிப் பெருக்கிய காணி

தெமோதரையில் அந்தக் காணிக்குள் கால் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புல்லைக் காணோம். தரை கல்யாண வீட்டு வாசல் மாதிரி பளிச்சென்று கிடந்தது. விளக்குமாறு போன கோடுகூடத் தெரிந்தது. பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள்.

அப்போது நான் சிறு தேயிலைக் காணிக்காரர்களுக்கு அரசாங்க மானியம் கொடுக்கும் அலுவலகத்தில் கள உத்தியோகத்தர். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நடுகிறவர்களுக்கு மானியம் தவணை தவணையாகப் போகும். பிடுங்கியதும் ஒரு தவணை. பிறகு மானாப்புல் வளர்த்து, அதை வெட்டி அந்த மண்மேலேயே பரப்ப வேண்டும். களைத்துப்போன மண் அப்படித்தான் தேறும். அந்த மூடாக்கை நான் நேரில் பார்த்து, போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் கன்று நடுகிற தவணை கிடைக்கும்.

காணி ராமையாவுடையது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் வாங்கியது. அவர் மனைவி செல்லம்மா எனக்காக நாற்காலியில் வெள்ளைத் துணி விரித்துத் தேநீரோடு நின்றார்.

புல் எங்கே என்று கேட்டேன்.

"அய்யா வர்றீங்கன்னு போன்ல சொன்னீங்களே. ரெண்டு பேரும் அறுத்து வாரி ஓடையில போட்டுட்டோங்க. தோட்டத்துல பெரிய தொரை வந்தா தேயிலை மலையை இப்படித்தான வச்சிருப்போம்" என்றார் ராமையா, முகமெல்லாம் பூரித்து.

எனக்குக் கோபம் மூக்குமுட்ட வந்தது. படித்துப் படித்துச் சொல்லியிருந்தேனே! மூடாக்கு இல்லாவிட்டால் மானியம் இல்லை என்றேன். நர்சரியில் கன்றுக்குச் சொல்லிவைத்தாயிற்று, மழையும் நெருங்கிவிட்டது, கையில் வேறு காசில்லை என்று ராமையா மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. எனக்காக அல்லவா இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்.

பதுளையிலிருந்த மேலதிகாரிக்குப் போன் செய்தேன். மனுஷர் கறார்ப் பேர்வழி, ஆனால் நியாயஸ்தர். "பாவம் பார்த்து எழுதாதே. பார்த்ததை எழுது" என்றார். சாயங்காலம் வரை இருந்து பார்க்கிறேன் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பக்கத்துத் தோட்டத்து லயக் குடியிருப்புப் பெண்கள் விஷயத்தைக் கேட்டு அப்படியே ஓடைக்குள் இறங்கினார்கள். மாடு தின்றதுபோக மிச்சப் புல்லைக் கொழுந்துச் சாக்கில் கட்டி மேலே ஏற்றினோம். நானும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டேன். இருட்டுவதற்குள் மண் மூடியது. அதன் பிறகே படம் எடுத்தேன்.

புறப்படும்போது ராமையா சொன்னார்: "ஆயுசு முழுக்கத் தொரை மலையைக் கூட்டுன கைங்க. இது நம்ம காணின்னு கைக்கு இன்னும் தெரியல."

அந்தப் பேச்சு என்னை வெகுநாள் உறுத்தியது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: அதன்பின் நான் யாருக்கும் போன் செய்து "நாளைக்கு வர்றேன்" என்று சொன்னதில்லை. "உங்க காணிக்கு நாளைக்கு வரலாமா?" என்றுதான் கேட்பேன். முதன்முறையாக அப்படிக் கேட்டது, கன்று நட்டபின் செல்லம்மாவிடம்தான்.

"நாளைக்கு எங்களுக்கு வேலை இருக்குங்க" என்றார். "நாளன்னிக்கு வாங்க."