எங்கள் மாடியில் விழுந்த பந்து

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பால் பாக்கெட்டைத் தேதி பார்க்காமல் வாங்கமாட்டேன். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினாலும் நானும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். அதனால்தான், எங்கள் ஊர் ஃபுட்பால் டீம் இனிமேல் முதுநகர் மைதானத்தில் ஆடாது, பைபாஸ் பக்கம் கட்டியிருக்கும் புது ஸ்டேடியத்துக்குப் போகிறது என்று என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னபோது, நான் செய்தியைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீமுக்குப் பன்னிரண்டு வருஷமாக செக்ரட்டரியாக இருக்கிற மனிதர், இப்படி ஒரு செய்தியை ரசத்தைப் பார்த்தா சொல்வார்?

"யாரு முடிவு பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"மேல இருந்து முடிவு பண்ணிட்டாங்க."

"மேலன்னா?"

"மேலதான். மோர் ஊத்து."

அவ்வளவுதான் பதில். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மைதானத்துக்குப் பின்பக்கம், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து கோல்போஸ்டுக்கு நேர் பின்னால் இருக்கிறது. கோல்போஸ்ட், அதற்குப் பின்னால் ஒரு சுவர், சுவரை அடுத்து ஒரு சந்து, சந்துக்கு இந்தப் பக்கம் நாங்கள். சிதம்பரத்திலிருந்து கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே, நான் காயவைத்திருந்த வடகத்தின் நடுவில் ஒரு பந்து வந்து விழுந்தது. எட்டிப் பார்த்து நாலு வார்த்தை திட்டலாம் என்று போனவள் அப்படியே நின்று மேட்ச் முழுவதையும் பார்த்துவிட்டேன். வடகத்தைக் காக்கா தின்றுவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம்.

மைதானத்தில் உட்கார இடம் கிடையாது. எல்லைக்கோட்டைச் சுற்றி ஆண்கள் நின்று பார்ப்பார்கள், துப்புவார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள். பெண்கள் யாரும் அங்கே போவதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் எங்கள் மொட்டைமாடிக்கு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் காலையில் சர்ச், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் எங்கள் மாடி என்று வைத்திருந்தார். சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியே எங்கள் மாடியில் போட்டு வைத்திருந்தார்.

நாங்கள் சும்மா பார்க்க மட்டும் இல்லை. எங்களுக்கு ஒரு வேலையும் இருந்தது. டாஸில் ஜெயித்தால் எங்கள் கேப்டன், இரண்டாவது பாதியில் எங்கள் வீட்டுப் பக்கம் அடிக்கிற மாதிரிதான் கேட்பான். கடல் காற்றுக்காக என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். காற்றும் கிடையாது, ஒன்றும் கிடையாது. எங்கள் ஆள் அடிக்கிற பந்து கோல்போஸ்டுக்கு மேலே போனால் எங்கள் மாடியில் விழும். அடுத்த அடி எதிர் டீமுடையது. பந்து இல்லாமல் அவர்கள் எதை அடிப்பார்கள்? அவர்களுடைய கோல்கீப்பர் சுவர் ஏறிக் குதித்து, சந்தில் நின்று, தலையைத் தூக்கி, "அக்கா, பந்து" என்று கேட்க வேண்டும்.

எங்கள் டீம் தோற்றுக்கொண்டிருந்தால் அவன் சுவர் ஏறுவதற்குள் பந்து மைதானத்துக்கே போய்விடும். ஜெயித்துக்கொண்டிருந்தால் நான் மெதுவாக எட்டிப் பார்த்து, "எந்தப் பந்து?" என்று கேட்பேன்.

"இப்ப விழுந்துதே, அந்தப் பந்துக்கா."

"டீச்சர், பந்து எதுனா வந்துதா?"

"பந்தா? நான் பாக்கலயே," என்பார் டீச்சர், மடியில் பந்தை வைத்துக்கொண்டு. பள்ளிக்கூடத்தில் பொய் சொன்னால் முட்டி போட வைக்கிற டீச்சர்.

இரண்டு நிமிஷம், மிஞ்சினால் மூன்று நிமிஷம். அதற்குமேல் நாங்கள் இழுத்தது இல்லை. யாரும் சண்டைக்கு வந்ததும் இல்லை. சிதம்பரத்துக்காரர்களின் மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. அங்கே நாங்கள் தோற்கிற நேரத்தில் பந்து குளத்தில் விழுந்தால், அதுவரை குளத்தில் மீன் மாதிரி நீந்திக்கொண்டிருந்தவனுக்கெல்லாம் திடீரென்று ஜலதோஷம் வந்துவிடும். எல்லா ஊரிலும் இப்படி ஏதாவது ஒன்று உண்டு.

சிதம்பரம் டீமை நடத்துகிறவன் என் கூடப்பிறந்த தம்பி. மேட்ச் அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் வஞ்சிரம் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவான். போன வருஷம் லீகில் கடைசி மேட்ச் அவனுடைய டீமோடுதான். எங்களுக்கு ஒரு கோல், அவர்களுக்கு ஒன்றுமில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் ஒரு பந்துதான் இருக்கும், அன்றைக்கு இருந்த இரண்டில் ஒன்று கருவேல முள் குத்தி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சமிருந்த பந்து எங்கள் மாடிக்கு வந்தது.

எனக்கு அன்றைக்கு என்ன புத்தியோ, மடியில் மறைப்பதற்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே போட்டுவிட்டேன். இரண்டு நிமிஷம் கழித்து எடுத்துத் தரலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளாகத் தண்ணீர் வராததை மறந்துவிட்டேன். பந்து தொட்டியின் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் போய் மிதந்தது. கையை விட்டால் எட்டவில்லை. டீச்சர் விளக்குமாற்றைக் கொண்டுவந்தார். வாளியில் கயிறு கட்டி விட்டுப் பார்த்தோம், பந்து வாளிக்குள் வருவேனா என்றது. கீழே கோல்கீப்பர், "அக்கா, தயவுசெஞ்சு குடுத்துடுக்கா," என்று அழுகிற மாதிரி கத்துகிறான். நான் தொட்டிக்குள் தலையை விட்டபடி, "இருப்பா, இருப்பா," என்கிறேன். டீச்சர் சிரிக்கிற சிரிப்பில் நாற்காலியே ஆடுகிறது. ஒருவழியாகப் பந்தை எடுத்து, சொட்டச் சொட்ட வீசியபோது இருட்டிவிட்டது. ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். நாங்கள் ஜெயித்தோம். அந்தக் கதையை ஒரு மாதம் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகுதான் புது ஸ்டேடியம் பற்றிய செய்தி வந்தது.

என் வீட்டுக்காரரின் போக்கு மாறியது. போன் வந்தால் வாசலுக்கு எழுந்து போனார். செம்மண்டலத்தில் இருக்கிற அவருடைய ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வருகிறவர், எட்டு மணிக்கு வந்தார். ஒருநாள் என் தம்பி சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். டீ எடுத்துக்கொண்டு நான் கூடத்துக்குள் போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "மழ வருமா மாமா?" என்று கேட்டான் தம்பி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து மைதானத்தை யாரோ டேப் வைத்து அளந்தார்கள். சந்துவரை வந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவரையும் அளந்துவிட்டுப் போனார்கள். யார் என்று கேட்டால் சர்வே என்றார்கள். எதற்கு என்று கேட்டால் சும்மா என்றார்கள். அந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது என்று ஒருவர், காம்ப்ளெக்ஸ் என்று ஒருவர், ஒன்றும் வராது, நாய்தான் படுத்திருக்கும் என்று இன்னொருவர். என் சந்தேகம் மட்டும் தெளிவாக இருந்தது. மைதானத்தை யாருக்கோ விட்டுக்கொடுக்க என் வீட்டுக்காரர் தலையாட்டியிருக்கிறார். என் தம்பிக்கும் அதில் பங்கு இருக்கிறது. கட்டிய புருஷனையும் கூடப்பிறந்தவனையும் இப்படி நினைப்பது தப்புதான். நினைத்தேன்.

"அங்க எங்களுக்கு எடம் இருக்குமா?" என்று கேட்டேன்.

"பேமிலி கேலரின்னு தனியா இருக்குது. நம்பர் போட்ட சேர். மேல கூர. பாத்ரூம்லாம் இருக்குது."

"பந்து வருமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் பீரோவைத் திறந்தேன். டீம் ஃபைல் அவருடைய வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. எப்போதும் மேசைமேல் கிடக்கிற ஃபைல் வேட்டிக்கு அடியில் ஏன் போக வேண்டும்? திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தோடு கட்டிலில் உட்கார்ந்து பிரித்தேன்.

முதலில் இருந்தது லீக் கமிட்டிக்கு என் தம்பி எழுதிய புகார். அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து எழுத வைத்தவள் நான். முதுநகர் மைதானத்துக்குப் பின்னால் உள்ள ஒரு வீட்டு மாடியில் பந்தை வேண்டுமென்றே தண்ணீர்த் தொட்டியில் போட்டு மூடி வைத்தார்கள், இருட்டும்வரை தரவில்லை, இனிமேல் அங்கே ஆடுவதென்றால் கோல்போஸ்டுக்குப் பின்னால் உயரமான வலை கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தான். எந்த வீடு, யாருடைய மாடி என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு என்னைக் காப்பாற்றியிருந்தான்.

அதற்குக் கீழே என் வீட்டுக்காரர் எழுதிய பதில். 'தொட்டியின் மூடி திறந்திருந்தபடியால் பந்து தானாகவே உள்ளே விழுந்துவிட்டது. மாடியில் இருந்தவர்கள் அதை எடுத்துத் தரத் தங்களால் இயன்ற அளவு முயன்றார்கள்.' கீழே கையெழுத்து. லீவு லெட்டரில்கூடப் பொய்க் காய்ச்சல் எழுதாத மனிதர் அவர்.

மூன்றாவது, கமிட்டியின் முடிவு. வீடுகளுக்குள் பந்து போகிற மைதானத்தில் இனி மேட்ச் நடத்த அனுமதி இல்லை. புது ஸ்டேடியத்தில்தான் நடக்க வேண்டும். அந்த ஸ்டேடியத்தைக் கட்டி முடித்து ஆள் வராமல் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். எங்களை அங்கே இழுக்க அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தை நான்தான் மூடியைத் திறந்து போட்டிருக்கிறேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். "எங்கூட்ல சாப்ட்டுட்டே எம்மேல எழுதியிருக்கியா?"

"நீ பண்ணது மட்டும் ஞாயமா அக்கா? என் பசங்க அன்னைக்கு அழுதுட்டே வண்டி ஏறனானுங்க," என்றான். பிறகு குரலைத் தணித்து, "வல கட்டத்தான் சொன்னேன். மைதானத்த மாத்துவாங்கன்னு சத்தியமா தெரியாதுக்கா. மாமாவும் நானும் எவ்ளோ அலஞ்சோம் தெரியுமா? வல கட்ட ஆள் வச்சு எடத்தக்கூட அளந்து குடுத்தோம். ஒண்ணும் நடக்கல," என்றான்.

என் வீட்டுக்காரர் எட்டு மணிக்கு வந்ததற்கு இப்போது கணக்குக் கிடைத்தது.

அவர் வந்ததும் ஃபைலை எடுத்து முன்னால் வைத்தேன். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார். "சொல்லியிருந்தா அதுக்கப்புறம் நீ மாடி ஏறியிருப்பியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதது மைதானத்துக்காகவா, அவரைச் சந்தேகப்பட்டதற்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

புது ஸ்டேடியத்தில் முதல் மேட்ச் சிதம்பரத்தோடுதான். தெருப் பெண்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். வாசலில் என் பையைத் திறந்துகூடப் பார்க்காமல் உள்ளே விட்டார்கள். ஒரு கோல்போஸ்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் கேலரி பளபளவென்று இருந்தது. டீச்சரின் நாற்காலி நம்பர் இருபத்தேழு, என்னுடையது இருபத்தெட்டு. அதுவரை கோட்டோரம் நின்றே மேட்ச் பார்த்த என் வீட்டுக்காரர் அன்றைக்கு என் பக்கத்தில் வந்து இருபத்தொன்பதில் உட்கார்ந்தார். கோட்டோரம் நிற்க அங்கே யாரையும் விடவில்லை. டாஸில் ஜெயித்த எங்கள் கேப்டன் எந்தப் பக்கம் கேட்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து கையைத் தூக்கினேன். அவ்வளவு பெரிய கேலரியில் அவன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிவேன்? ஆனாலும் எங்கள் பக்கத்தையே கேட்டான்.

இரண்டாவது பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் ஆள் அடித்த பந்து கோல்போஸ்டுக்கு மேலே எழும்பி, கேலரிப் படியில் இரண்டு தரம் குதித்து, நேராக என் மடிக்கு வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்து அமுக்கினார். அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. இனிமேல் செய்யவே கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தேன். ஆனாலும் பந்தை முந்தானையால் மூடி, கீழே பார்த்தேன். அதே கோல்கீப்பர். அவன் தலையைத் தூக்கிக் கேட்கட்டும், உடனே கொடுத்துவிடுவோம், ஒருதரம் கேட்டால் போதும் என்று நினைத்தேன். 'எந்தப் பந்து' என்ற வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

அவன் திரும்பவே இல்லை. கோல்போஸ்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு பந்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து வைத்து ஓங்கி அடித்தான். பந்து எங்கேயோ போய் விழுந்தது, ஒருவன் தலையால் தட்டினான், இன்னொருவன் ஓடினான். சிதம்பரத்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து கத்தினார்கள். ஒன்றுக்கு ஒன்று.

என் மடியில் பந்து இருந்தது.

"குடுத்துடவா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வச்சிரு. முடிஞ்சப்புறம் குடுத்துக்கலாம்," என்றார்.

எதிர்ப்பக்கக் கேலரியில் எழுந்து நின்ற என் தம்பியைப் பார்த்தேன். சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். முந்தானைக்குள் அவ்வளவு பெரிதாக ஒரு பந்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த ஸ்டேடியத்தில் ஒருவர்கூட என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை.