மாற்றிச் சொன்ன ஒரு சைகை

அந்த வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளைப் பெருசு என்றும் இளையதைச் சின்னது என்றும் கூப்பிட்டுக் கூப்பிட்டே பழகிவிட்டதால், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோயின. சின்னதுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கூப்பிட வேண்டுமென்றால் தரையைக் காலால் தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும்.

பிறந்தபோது பெண் குழந்தை என்று டாக்டர் சொன்னார், வீடும் அப்படியே வளர்த்தது. ஆனால் இங்கே சின்னதைத் தம்பி என்றே சொல்லிவிடுவோம். அவன் கேட்டது அதைத்தான். அக்காவுக்கு அதைச் சொல்ல வாய் வராமல் போனதுதான் இந்தக் கதை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்திக் கத்திப் பழகியவர். காது கேட்காத பிள்ளையிடமும் அதே குரலில்தான் பேசுவார். அவருக்குத் தெரிந்த சைகைகள் சாப்பிடு, தூங்கு, வா, சபாஷ். அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், "பெருசு எங்க?" என்று வீட்டைச் சுற்றிப் பார்ப்பார். அம்மாவும் அப்படித்தான். அக்காதான் ஆறு வயதிலேயே தம்பியின் கையைப் பார்த்துப் பார்த்து அவன் மொழியைப் பிடித்துக்கொண்டாள். அதையே பிறகு பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் காது கேளாதவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேலை.

அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. "அவர் சொல்றார்னு ஆரம்பிக்காதே. அவர் எனக்கு வலிக்குதுன்னா நீயும் எனக்கு வலிக்குதுன்னுதான் சொல்லணும். ஒண்ணும் கூட்டாதே, ஒண்ணும் குறைக்காதே." அக்கா அதை அட்சரம் பிசகாமல் செய்தாள். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஒரு பெரியவரிடம் சொன்னபோதும், கண் கலங்கினாலும் கை தடுமாறவில்லை.

வீட்டில் மட்டும் வேறு கணக்கு. அப்பா பத்துத் திட்டுத் திட்டினால் தம்பிக்கு நான்குதான் போய்ச் சேரும். தம்பி முறைத்துக்கொண்டு ஏதாவது சொன்னால், "அடுத்த தடவை பாத்து நடந்துக்கறேன்னு சொல்லுதுப்பா" என்று அக்கா முடித்துவிடுவாள். பூசி மெழுகுவதில் அவள் கெட்டிக்காரி. வீட்டில் சண்டை இல்லாமல் இருப்பதே தன்னால்தான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

தம்பிக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஆவி பறக்கும் அந்த நீள அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவான். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பேண்ட் சட்டையில்தான் போய் வருவான். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் சாயங்காலம் அக்காவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, எதிரே உட்கார்ந்து கையை எடுத்தான்.

"நான் பொண்ணு இல்ல. பையன். ரொம்ப நாளாவே தெரியும். உனக்கும் கொஞ்சம் தெரியும்னு நெனைக்கறேன்."

அக்கா அவன் சட்டையைக் காட்டினாள். "இப்ப என்ன குறை? இஷ்டப்பட்ட சட்டையைப் போட்டுக்கறே, முடி வெட்டிக்கறே. யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் போன்றவர்களுக்கு அந்த ஊர்க் காது கேளாதவர்களிடம் இருந்த ஒரே சைகை கேலிச் சைகை. அது பிடிக்காமல் அவனும் சிநேகிதர்களும் தங்களுக்குள் புதிதாக இரண்டு சைகைகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். தோள்பட்டையில் சட்டைத் துணியைக் கிள்ளி உதறினால், வெளியே தெரிவது என்று அர்த்தம். உடுப்பு, முடி, நடை எல்லாம் அதில் அடங்கும். ஐந்து விரலையும் குவித்து நெஞ்சில் வைத்து மெல்ல விரித்தால், உள்ளே நான் யார் என்று அர்த்தம்.

"நீ சொல்றது இது," என்று சட்டையைக் கிள்ளினான். "நான் சொல்றது இது," என்று நெஞ்சில் கையை வைத்தான். "எனக்குக் கவுன் மாட்டிவிட்டாலும் நான் பையன்தான். பாக்கச் சகிக்காத பையன்."

அக்காவும் சிரித்துவிட்டாள். பாலின வெளிப்பாடு, பாலின அடையாளம் என்று இரண்டையும் பயிற்சி வகுப்பில் அவள் படித்திருக்கிறாள். திருநம்பி என்ற சொல்லும் தெரியும். அவன் போனில் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிக் காட்டியபோது தலையாட்டினாள். பின்னால் எத்தனை சமாதானம் தேடினாலும், தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் அவளால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"அப்பா அம்மாகிட்ட சொல்லணும். எழுதினா என் தமிழ் பாதியில நொண்டும். என் கையால சொல்றேன், நீ குரல் குடு," என்றான்.

"சரி," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி தன் சட்டைக்குத் தானே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு அணிந்து வந்து, அவர்களுக்கு எதிரே நின்றான். அவசரமில்லாமல், ஒரு வரி முடிந்து ஒரு வரியாகச் சொன்னான். எப்போது தெரிந்தது, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை, இனிமேல் தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும். கடைசியில் விரலைக் குவித்து நெஞ்சில் வைத்து விரித்தான். அவன் அவ்வளவு அழகாகப் பேசி அக்கா பார்த்ததில்லை.

இப்போது மூன்று பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

தம்பியின் மொழியில் ஆளைச் சுட்ட ஒரு விரல் போதும். அந்த விரலில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தமிழில் அப்படித் தப்ப முடியாது. சொல்றான் என்றோ சொல்றாள் என்றோ ஏதாவது ஒன்றில் போய் முடிய வேண்டும். நான் என்று ஆரம்பித்திருந்தால் அந்தச் சங்கடமே இல்லை. அவள் வேலையில் தினமும் செய்வது அதுதான். ஆனால் அப்பாவுக்கு முந்தின மாதம்தான் நெஞ்சு வலி வந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு நாக்கு புரளவில்லை.

"அது... சின்னதுக்கு ஆம்பளை மாதிரி உடுத்திக்கத்தான் பிடிச்சிருக்காம். இனிமே எப்பவும் இப்படியே இருந்துக்கறேன்னு சொல்லுது," என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு பெரிய பிரசங்கம்? எனக்குத் தெரியாததா? அதுக்கு எப்படிப் பிடிக்குதோ அப்படியே இருக்கட்டும். அது சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும்."

இதை அக்கா தம்பிக்குச் சைகையில் சொன்னாள். இந்தப் பக்கம் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

தம்பி அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்துத் தேம்பித் தேம்பி அழுதான். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த சபாஷைச் செய்து காட்டி, பாதி ஆரஞ்சை அவன் கையில் வைத்தார்.

"எதுக்கு அழுவுது?" என்றாள் அம்மா.

"சந்தோஷத்துல," என்றாள் அக்கா. அதுவும் பொய்யில்லைதான்.

அதற்குப் பிறகு தம்பி தரையில் கால் பாவாமல் நடந்தான். அப்பா தன் பழைய வேலைச் சட்டைகளை, பை வைத்து முரட்டுத் துணியில் தைத்தவற்றை, எடுத்துக் கொடுத்தார். சும்மா கிடக்கிறதே என்று அவர் கொடுத்தார். மகனுக்குக் கொடுக்கிறார் என்று அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவே நின்ற அக்கா, நாளைக்குச் சொல்லிவிடலாம், சம்பளம் வந்ததும் சொல்லிவிடலாம், அப்பாவை டாக்டர் பார்த்த பிறகு சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே போனாள்.

ஒருநாள் தம்பியே கேட்டான். "அப்பா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பையன்னு சொன்னா உதடு விரியணும். குவிஞ்சது. பொண்ணுன்னுதான் சொல்றார். ஏன்?"

"வயசாச்சு, வாய்ப் பழக்கம். போகப் போக மாறிடும்," என்று அக்காவின் கை சொன்னது. அவன் நம்பினான். அவள் கையை நம்பாமல் வேறு எதை நம்புவான்?

சலவைப் பிரிவில் தம்பிக்கு ஒரு கஷ்டம் இருந்தது. உடை மாற்றப் பெண்கள் அறைக்குத்தான் போக வேண்டும். அங்கே அவனும் கூனிக் குறுகுவான், அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆண்கள் பக்கம் மாற்றிக்கொடுங்கள் என்று சூப்பர்வைசர் அம்மாவிடம் எழுதிக் காட்டினான். அந்த அம்மா நல்லவர், ஆனால் பயந்தவர். வீட்டிலிருந்து யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் செய்துவிடுகிறேன் என்றார். அன்றைக்கு அக்காவுக்குக் கோர்ட்டில் வேலை. அப்பா இருக்கும்போது யோசனை என்ன என்று, வா என்ற சைகையைச் செய்து அவரையே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அங்கே நடந்ததை அக்கா சாயங்காலம் வீட்டுப்படி ஏறியதுமே அப்பா சொன்னார். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"அந்த அம்மா எங்கிட்ட, வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டீங்களாமே, அப்ப பசங்க ரூம்ல ஒரு அலமாரி ஒதுக்கிடறேன்னாங்க. எந்தப் பசங்கம்மா, எனக்குப் பையனே கிடையாதேன்னு சிரிச்சேன். சிரிச்சுட்டேன்! அதோட முகத்தை நீ பாத்திருக்கணும். அந்த அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அங்க என்ன நடக்குதுன்னு தெரியாதவன் நான் ஒருத்தன்தான்."

தம்பி உள்ளிருந்து வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன. கை மட்டும் நிதானமாக இருந்தது.

"அன்னிக்கு நீ என்ன சொன்னே? அப்படியே சொல்லு. ஒண்ணும் மாத்தாதே."

அக்கா சொன்னாள். வேறு வழியில்லாமல், தோளில் சட்டையைக் கிள்ளி உதறினாள்.

அவன் அந்தச் சைகையைத் தானும் ஒருமுறை செய்து பார்த்தான். "சட்டையா? சட்டைன்னா சொன்னே?" அப்பாவின் நாற்காலியைக் காட்டினான். பிறகு சொன்னான். "அப்பா மடியில விழுந்து அழுதேன். நீ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தே."

"என்ன சொல்லுது? எனக்குச் சொல்லு," என்றார் அப்பா. சொன்ன வேகத்தில் அவரே நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். நீ சொல்லாதே. இத்தனை வருஷமா நீ சொன்னதுல அது சொன்னது எது, நீயா சொன்னது எது? எனக்கு இப்ப அதுவே தெரியலையேம்மா."

அவர் கோபப்பட்டிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். கடைசியில் ஒட்டி வந்த அந்த 'ம்மா'வைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி வேறொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்துகொண்டான். யாரோ முன்பின் தெரியாத பெண். போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்து, வீடியோவில் அவளை வரவழைத்தான். அப்பாவையும் அம்மாவையும் எதிரே உட்கார வைத்தான். அக்காவைப் பார்த்துச் சமையலறைப் பக்கம் கை நீட்டினான். அவள் எழுந்து போனாள்.

கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றவளுக்கு அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. சாதாரணக் குரல். "அப்பா, நான் உங்க பையன். இதைப் போன தடவையே சொன்னேன். உங்களுக்கு வந்து சேரலை."

அம்மா விசும்பினாள். "நான் பெத்தது எனக்கே தெரியாமப் போச்சா?" அப்பா அந்தப் பெண்ணிடம் சொன்னார். "எனக்கு விளங்கலை. விளங்கலைங்கறதை அது மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னும் தெரியலை. அப்படியே சொல்லும்மா." அந்தப் பெண் அப்படியே சொன்னாள். பேச்சு நீண்டது. குரல் உயர்ந்தது, தணிந்தது, நடுவில் அப்பா எழுந்து போய்த் திரும்ப வந்து உட்கார்ந்தார். அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் அக்காவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தான் அன்று பயந்தது அவர் நெஞ்சை நினைத்து இல்லை. அந்தச் செய்தி தன் வாயிலிருந்து வர வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லாம் உடனே நேராகிவிடவில்லை. ஆண்கள் அறையில் தம்பிக்கு அலமாரி கிடைத்தது. ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே சிநேகிதர்களோடு ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். லீவு நாளில் வருவான். அம்மா பொண்ணே என்று வாயெடுத்து நாக்கைக் கடித்துக்கொள்வாள். அப்பா பாதி நேரம் அவன் என்பார், பாதி நேரம் அது என்பார். ஆனால் போனில் வீடியோ பார்த்துப் புதுச் சைகைகள் பழக ஆரம்பித்திருந்தார். வேலை எப்படி என்று கேட்கப் போய், கல்யாணம் எப்படி என்று கேட்டுவிட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். தப்பைத் திருத்த அக்காவின் கை தானாக எழுந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. இறக்கிக்கொண்டாள்.

அவளோடும் தம்பி பேசினான். மழை பெய்தது, பஸ் லேட்டு என்கிற மாதிரிப் பேச்சு. மன்னிச்சுடு என்று அவள் ஆரம்பித்த போதெல்லாம் பார்வையைத் திருப்பிக்கொண்டான். கண்ணைத் திருப்பிவிட்டால் அவனுக்குப் பேச்சு நின்றுவிடும்.

மழைக்காலம் முடியும்போது ஒருநாள், ஆஸ்பத்திரியில் அவளுடைய அன்றைய வேலைகளில் ஹார்மோன் டாக்டர் அறை ஒன்று இருந்தது. உள்ளே போனால் தம்பி உட்கார்ந்திருந்தான். எல்லோரையும் போலக் கவுன்டரில் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தான். வேறு ஆள் கிடைக்கவில்லையா, இவள்தான் வேண்டுமென்று கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

டாக்டர் கேட்டதையெல்லாம் கையால் சொன்னாள். அவன் சொன்னதையெல்லாம் குரலால் சொன்னாள். "நான் பையன்னு எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்," என்றாள். "வீட்ல சொன்னேன், முதல் தடவை சரியாப் போய்ச் சேரலை," என்றாள். ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "முக ஜாடை ஒரே மாதிரி இருக்கே. சொந்தமா?"

அவள் வாயைத் திறக்கவில்லை. கேள்வியை அவனிடம் கொடுத்தாள். அவன் யோசித்துப் பதில் சொன்னான். அதையும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என் அக்கா. இன்னிக்கு வேலைக்கு வந்திருக்காங்க."

வெளியே வராந்தாவில் அவள் கை மறுபடியும் மன்னிப்பு கேட்கப் போனது. இந்தத் தடவை அவன் பார்வையைத் திருப்பவில்லை. முழுவதும் பார்த்தான். பிறகு, "நான் அடுத்த மாசமும் வரணும். கவுன்டர்லயே உன்னைக் கேட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் படியிறங்கினான்.